பதினொன்றாவது கொத்தில்லா

அன்புள்ள சம்பந்தி சுடலைமுத்து அவர்களுக்கு,

கடைசியில் உங்கள் கண்ணாடி வீட்டுக்கு நான் போய்விட்டேன். "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க சம்பந்தி, எஞ் செடியள நாலு படம் எடுத்துத் தாங்க. வந்து பாத்தியன்னா சிரிப்பிய" என்று நீங்கள் எட்டு வருடம் கூப்பிட்டீர்கள். நான் போனது நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பிறகு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தளி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துச் சமாசாரம். அந்த ஒரு எட்டைத்தான் என்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதியையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓசூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். கம்பெனி கேட் பாஸுக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுப்பது அன்றாட வேலை, முகூர்த்த மாதங்களில் கல்யாணம். என் பெண் சுமாவை உங்கள் மகன் செல்வத்துக்குக் கொடுத்தேன். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, வேலை தேடி இங்கே வந்து, தளி தாண்டி ஜவளகிரி போகிற வழியில் இருக்கும் பழைய எஸ்டேட்டில் தோட்ட மேஸ்திரி ஆனவர். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்கார துரை கப்பலில் இரும்புச் சட்டமும் கண்ணாடியும் வரவழைத்து, கண்காணாத தேசத்துச் செடிகளுக்கென்று அங்கே ஒரு வீடு கட்டினான். சுற்றுப்பட்டு ஊர்களில் மனுஷர்கள் கூரைக் குடிசையில் இருந்தபோது செடிகளுக்குக் கண்ணாடி மாளிகை. அதை முப்பது வருடத்துக்கு மேல் கட்டிக் காத்தவர் நீங்கள்.

நான் ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, இப்போது சொல்லிவிடுகிறேன். முதல் காரணம் கல்யாண ஆல்பம். பெண்ணைப் பெற்றவனே போட்டோகிராபராகவும் இருந்தால் படுகிற பாடு உங்களுக்குப் புரியாது. கழுத்தில் மாலையும் கேமராவும் சேர்ந்து தொங்கின. தாரை வார்க்க ஐயர் கூப்பிடுகிறார், நான் "ஒரு நிமிஷம் சாமி, லைட்டு சரியில்ல" என்கிறேன். அப்படி எடுத்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் நீங்கள் கேட்டீர்கள்: "என்ன சம்பந்தி, எம் படம் ஒண்ணுலயும் கண்ணே தொறக்கலியே?" கண்ணை மூடியது நீங்கள், பழி எனக்கு.

இரண்டாவது காரணம் அந்தத் தொட்டிச் செடி. பாகலூரில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தபோது, அவர் அன்பாக ஒரு தொட்டியைக் கையில் திணித்தார். என்ன செடியோ, பச்சையாக இருந்தது. நீங்கள் ஸ்டுடியோவுக்கு வந்த நாளில் அதை உங்களுக்குக் கொடுத்தேன். "இதுக்குப் பேரு என்ன சம்பந்தி?" என்று கேட்டீர்கள். நான் கம்ப்யூட்டரில் ஒருவருடைய கேட் பாஸ் படத்தைச் சரிசெய்துகொண்டே ஏதோ பதில் சொன்னேன். உடனே நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுல எங்ககிட்ட ஏற்கனவே பத்து கெடக்கு சம்பந்தி" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆசையாகக் கொடுத்ததை இப்படியா மட்டம் தட்டுவார் ஒரு மனுஷன்? இவர் தோட்டத்து வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவன்தான் நான்.

பிறகு எப்படிப் போனேன் என்கிறீர்களா? துரையிடமிருந்து எஸ்டேட்டை வாங்கியவரின் பேத்தி, உங்கள் எஜமானி அம்மா, பெங்களூரிலிருந்து சொல்லியனுப்பினார். எஸ்டேட்டை வெளியார் பார்க்கத் திறந்துவிடப் போகிறார்களாம், கண்ணாடி வீட்டுச் செடிகளுக்கெல்லாம் படமும் பெயருமாகப் பட்டியல் வேண்டுமாம். "மாமா, அப்பா ஆசப்பட்டது. நீங்களே எடுத்துக் குடுத்துருங்க" என்றார் மாப்பிள்ளை. சுமா என்னையே பார்த்தாள். பெற்ற பெண் அப்படிப் பார்த்தால் எந்த ரோஷம் நிற்கும்?

அங்கே புதிதாக ஒரு மேனேஜர் வந்திருக்கிறார், கோயம்புத்தூர்த் தம்பி. வந்து இரண்டு மாதம் ஆகிறது, கன்னடம் ஒரு எழுத்துத் தெரியாது. முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார். "ஏனுங்ணா, உள்ள பாதி எடத்துல டேபிள் சேர் போட்டு காபி ஷாப் வருதுங்க. பேர் இருக்கற செடி உள்ள இருக்கும். பேர் தெரியாததெல்லாம் வெளிய எடுத்து வெச்சுருவோமுங்க." வெளியே என்றால் தளிக் குளிர். கண்ணாடிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த செடி அங்கே ஒரு மார்கழியைத் தாங்காது என்று நாகம்மா சொன்னாள். உங்களோடு இருபது வருடம் தண்ணீர் ஊற்றிய அதே நாகம்மாதான். எனக்குக் கவலை இல்லை. பெயிண்ட் டப்பா மூடியை வெட்டி, உங்கள் குண்டு குண்டான தமிழ் எழுத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்த் தகடு குத்தியிருந்ததே.

வேலையைத் தொடங்கினேன். வெளிக்குளிரில் இருந்த கேமராவை வேர்த்துக் கொட்டும் உங்கள் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோனதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. அரை மணி நேரம் அதை வேட்டி மடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாகம்மா வெள்ளைப் பெட்ஷீட்டைச் செடிக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள். என் பழக்கம் உங்களுக்குத் தெரியுமே. "நேரா பாருங்க. தோளை இறக்குங்க. ரெண்டு காதும் தெரியணும்" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. யானைக்காது என்று தகடு குத்திய செடிக்கு மட்டும் இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன. பூச்சி பிடிக்கிற குடுவைச் செடி, பந்திக்குக் கூப்பிடக் காத்திருக்கும் பெரிய மாமாவைப் போல வாயைத் திறந்தபடியே நின்றது. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் செடிகளில் ஒன்றுகூடக் கண்ணை மூடவில்லை.

தகடுகளைப் பார்த்துப் பார்த்து நோட்டில் பெயரை எழுதினேன். அந்தூரியம். மான்கொம்பு. குடுவை. கொத்தில்லா. சின்னக் கொத்தில்லா. சிவப்புக் கொத்தில்லா. கொத்தில்லா, இலை தடித்தது. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, பத்து. இது பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் தம்பி வந்து, "கொத்தில்லான்னா என்னங்ணா?" என்று கேட்டார். நான் தயங்கவே இல்லை. "கொத்துக் கொத்தா பூக்காது தம்பி. கொத்து இல்லாதது, அதான் கொத்தில்லா. நல்ல தமிழ்ப் பேரு" என்றேன். அவர் அசந்துபோய் அதை அப்படியே லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டார்.

விரித்த பெட்ஷீட் குலுங்கியது. பின்னால் நாகம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி நகர்ந்ததும் துணிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏண்ணா, நீங்க ஓசூர்க்காரருதானே? கன்னடம் வராதா உங்களுக்கு?"

"வராம என்ன? வீட்டுலயே பாதி அதுதான்."

"அப்ப அத கன்னடத்துல படிங்க."

படித்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது, சம்பந்தி. தமிழில் எழுதினால் எல்லாவற்றுக்கும் ஒரே 'க'தானே. 'கொத்தில்லா'வைக் கன்னடக்காரர் போலக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் 'தெரியாது' என்று அர்த்தம். பால்காரரிடமும் கண்டக்டரிடமும் நானே தினமும் பத்துத் தடவை சொல்கிற வார்த்தை. தமிழ் எழுத்தில் இருந்ததால் தமிழாகவே படித்து, பொழிப்புரையும் சொல்லியிருக்கிறேன்.

மிச்சத்தை நாகம்மா சொன்னாள். "சொடலண்ணா வேலைக்கு வந்த புதுசுல இங்க ஒரு வயசான மாலி, தோட்டக்காரரு, இருந்தாராம். கன்னடம் விட்டா வேற பேச்சு வராதாம். இவரு ஒவ்வொரு தொட்டியா காட்டி 'இது என்ன செடி'ன்னு தமிழ்ல கேப்பாராம். அவருக்குத் தெரிஞ்சா பேரு சொல்வாரு, தெரியலன்னா 'கொத்தில்லா'ம்பாரு. இவரு அதையும் எழுதி குத்திட்டாரு. மொத்தம் பதினொண்ணு இருக்குண்ணா." நான் எண்ணியது பத்து. சிரிப்பில் அவள் தப்பாக எண்ணிவிட்டாள் என்று விட்டுவிட்டேன்.

ஓசூர் திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால் அந்தப் பத்துச் செடியும் குளிருக்குப் போகும். உங்கள் முப்பது வருடத்தைப் பார்த்துப் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் பொய்ப் பெயரில் பட்டியல் அச்சாகும், அதற்கு விளக்கம் கொடுத்த மேதாவி நான். மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அப்பா பேரு கெட்டுறக் கூடாது மாமா" என்றார். அது பதிலா, வேண்டுதலா? வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு அல்ல என்று எனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் எஜமானி அம்மா வந்தார். மேனேஜர் தம்பி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் நாகம்மாவும் பின்னால். அம்மாவுக்குத் தமிழ் புரியும், ஆனால் பேச்சில் பாதிக்கு மேல் கன்னடம். தடித்த இலைக்காரர் முன்னால் நின்று, "இதர ஹெசரேனு?" என்று கேட்டார். பெயரைத்தான் கேட்கிறார் என்பது மட்டும் தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"கொத்தில்லா, மேடம்."

தெரியாவிட்டால் போகட்டும் என்று அம்மா அடுத்த தொட்டியைக் காட்டினார்.

"இது சின்னக் கொத்தில்லாங்க."

அம்மா நின்றுவிட்டார். தம்பி உற்சாகமாகிவிட்டார். "பக்கத்துல இருக்கறது சிவப்புக் கொத்தில்லாங்க மேடம். அந்த மூலைல பெரிய கொத்தில்லா."

"தெரியாதுன்னா தெரியாது சொல்லப்பா" என்றார் அம்மா. "தெரியாததுல சின்னது, பெரிசு, சிவப்பு எல்லா ஏனு?"

"தெரியுமுங்க மேடம். நல்லாத் தெரியும். கொத்தில்லாங்க."

"நினகே ஏனப்பா கொத்து ஹாகாத்ரே?" உனக்கு என்னதான் தெரியும் என்று கேட்கிறார். தம்பி அவர் வாயிலிருந்து 'கொத்து' என்று கேட்டதும் முகம் மலர்ந்து, "அதேதானுங்க மேடம். கொத்து இல்லாதது. அண்ணாதான் சொன்னாருங்க" என்று என்னைக் கை காட்டினார்.

நாகம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். இனி மூடி மறைக்க என்ன இருக்கிறது? முன்னால் போய், வயசான மாலி முதல் என் பொழிப்புரை வரை எல்லாவற்றையும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டேன். "தப்பு என்னுதும்மா. அவர் புதுசுல தெரியாம எழுதினது. தெரிஞ்சும் வாய மூடிட்டு நின்னவன் நான்" என்றேன்.

அம்மா ஒவ்வொரு தகடாகப் பார்த்துக்கொண்டே கடைசி வரிசைக்குப் போனார். மண் கலக்கிற கல்மேடைக்குப் பக்கத்தில், பெரிய இலைகளுக்குப் பின்னால் ஒரு தொட்டி இருந்தது. நான் படம் எடுக்காதது. தம்பி பட்டியலைப் புரட்டி, "இது லிஸ்ட்லயே இல்லீங்களே" என்றார். மற்ற தகடெல்லாம் துருப்பிடித்திருக்க, அது மட்டும் கொஞ்சம் புதுசு. அம்மாவுக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. என்னைப் படிக்கச் சொன்னார்.

"கொத்தில்லா. சம்பந்தி சொன்ன பேரு."

"யாரு சம்பந்தி?" என்றார்.

"நான்தாம்மா" என்றேன்.

பாகலூர்த் தொட்டி. அன்றைக்கு ஸ்டுடியோவில் நீங்கள் பெயர் கேட்டபோது, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் நான் சொன்ன பதில் அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "கொத்தில்ல, யாரோ குடுத்தாங்க" என்று சொன்னேன். ஓசூர்க்காரன் வாய், எது முதலில் வருகிறதோ அதைச் சொல்லிவிடும். அந்த வருடத்தில் நீங்கள் தளி கண்டக்டரோடு கன்னடத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறியிருந்தீர்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாலி சொன்ன அதே பதிலை, இத்தனை வருடம் கழித்து, உள்ளூர்க்காரச் சம்பந்தி வாயிலிருந்து கேட்டதால்தான் அப்படிச் சிரித்தீர்கள். "இதுல எங்ககிட்ட ஏற்கனவே பத்து கெடக்கு" என்றீர்கள். என் செடியை நீங்கள் மட்டம் தட்டவே இல்லை.

எப்போது கண்டுபிடித்தீர்கள்? கண்டுபிடித்த பிறகும் ஏன் தகட்டை மாற்றவில்லை? தெரியாதது தெரியாது என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா, இல்லை யாராவது என்னைப் போல ஒருத்தன் வந்து பொழிப்புரை சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? நீங்கள் இரண்டுமே செய்யக்கூடிய ஆள்.

வந்து பாத்தியன்னா சிரிப்பிய என்றீர்களே, இதற்குத்தானா? ஒரு சிரிப்பை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு எட்டு வருடம் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஆல்பத்தையும் தொட்டியையும் மனசில் வைத்துக்கொண்டு வீம்பாக இருந்துவிட்டேன். கண்ணாடி வீட்டுக்குள்ளே, மேனேஜர் முன்னாலும் எஜமானி முன்னாலும் அழுதேன், சம்பந்தி. ஒளிக்க என்ன இருக்கிறது.

நாகம்மாதான் அந்தத் தகட்டின் கதையை அம்மாவுக்கு விளக்கினாள். அம்மா முதலில் புன்னகைத்தார், பிறகு வாய்விட்டே சிரித்தார். "எங்க தாத்தா கிட்டே கேட்டாலும் இதே பதில்தான் வரும். முத்து பொய் எழுதலே" என்றார். பிறகு தொட்டிகளைச் சுற்றிக் கையைக் காட்டி, "இல்லே இரலி" என்றார்.

இங்கேயே இருக்கட்டும் என்று கன்னடத்தில் சொல்கிறார். தம்பிக்குக் கேட்டதோ தமிழ் 'இல்லே'. இல்லை என்று சொல்லிவிட்டார் என்று நினைத்து, குனிந்து பாகலூர்த் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி வாசலுக்கு நடந்தார். நாகம்மா பின்னாலேயே ஓடி அவர் சட்டையைப் பிடித்தாள். நான் தொட்டியைப் பிடித்தேன். அம்மா, "இல்லே, இல்லே" என்று கத்தக் கத்த, தம்பி இன்னும் வேகமாக நடந்தார். ஒருவழியாகத் தொட்டியைப் பிடுங்கிப் பழைய இடத்திலேயே வைத்தோம். ஒரு இலை முறிந்தது, அவ்வளவுதான். தம்பி இப்போது கன்னடம் கற்றுக்கொள்கிறார். முதல் வார்த்தை என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினொன்றும் உள்ளே இருக்கின்றன. காபி மேஜைகளில் நான்கு குறைந்துவிட்டன. செடி படித்தவர்களிடம் படத்தைக் காட்டி உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள். ஆனால் பூ வந்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடியுமாம். ஒவ்வொன்றும் பூக்கும்போது இலை, இலையின் பின்பக்கம், பூ என்று கிட்டத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் உங்கள் தகடுதான். புதுப் பலகை எழுத வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், ஒரு படத்திலும் உங்கள் கண் திறக்கவில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் வாய் திறந்திருக்கிறது. சிரித்தால் உங்களுக்குக் கண் மூடிக்கொள்ளும். கேமராவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. சுமா உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட அதில் ஒன்றைத்தான் கேட்டிருந்தாள், நான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். நேற்றுப் பெரிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டேன், கண் மூடினபடியே.

இனி நீங்கள் கூப்பிட வேண்டியதில்லை. பதினொன்றில் எது மொட்டு விட்டாலும் நாகம்மா போன் போடுவாள். அன்றைக்கே நான் தளி பஸ்ஸில் இருப்பேன். முகூர்த்த நாளாக இருந்தால் தாலி கட்டி முடிந்ததும் கிளம்பிவிடுவேன், பந்திக்குக்கூட நிற்கமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

நான் கொடுத்த செடி மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பூக்கவில்லையாம். எப்போது பூக்கும் என்று நாகம்மாவிடம் கேட்டேன். அவள் என்ன பதில் சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நான் சிரித்தேன், சம்பந்தி. எனக்கும் கண் மூடிக்கொண்டது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன், செடி கொடுத்தவன், அதற்குப் பேரும் சொன்னவன்,
உங்கள் சம்பந்தி ராஜண்ணா